ஓட்டம் பிறந்த வீடு

எத்தியோப்பியா தேசத்தின் ஆர்ஸி பகுதியில் பெக்கோஜி என்றோர் ஊர் உண்டு. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,800 மீட்டர் உயரத்தில் உள்ளது. நமது உதகமண்டலத்தினும் 500 மீட்டருக்கு மேல் உயர்ந்த மேட்டு நிலம். உழவும் கால்நடையுமே அவ்வூராரில் பெரும்பாலோரின் பிழைப்பு. காற்று மெலிந்த அவ்விடத்திலிருந்து ஓட்டப் பந்தய வீரர்கள் வந்த வண்ணமாக இருக்கிறார்கள். 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மாரத்தான் தங்கம் வென்ற பாத்துமா ரோபா அந்தப் பக்கத்துப் பெண்மணி. நெடுந்தூர ஓட்டத்தில் உலகை ஆண்ட கெனெனிசா பெகெலேயும் அவ்வூர்க்காரரே. இவர்களெல்லாம் இருக்க, இம்மாதம் நாம் எடுத்துக்கொண்டது ஒரு குடும்பத்தை மட்டுமே.

திருனேஷ் டிபாபா என்றால் டிபாபாவின் மகள் திருனேஷ் என்று பொருள். அந்நாட்டாருக்கும் நம்மைப் போலவே குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரைத்தான் சேர்த்துக்கொள்வார்கள். வடக்கே எந்த அலுவலகத்திற்குப் போனாலும் "சர்நேம் என்ன?" என்று கேட்கப்பட்டு விழிக்கும் நம்மவர்கள், அவர்களோடு இவ்வகையில் உறவு கொண்டாடலாம்.

திருனேஷுக்கு முன் அவ்வீட்டுக்கு வழி காட்டியவர், உறவு முறையில் அக்காளான டெரார்டு துலு. 1992-ல் பார்ஸிலோனாவில் 10,000 மீட்டரில் தங்கம் வென்று, ஒலிம்பிக் தங்கம் பெற்ற முதல் கறுப்பு ஆப்பிரிக்கப் பெண்மணி என்ற பெருமையை அடைந்தவர். ஓட்டம் முடிந்ததும், இரண்டாவதாக வந்த தென்னாப்பிரிக்க வெள்ளைப் பெண்மணி எலானா மேயரின் கையைப் பற்றிக்கொண்டு அவர் மைதானத்தை வலம் வந்தார். 2000-ல் ஸிட்னியில் மீண்டும் அதே ஓட்டத்தில் தங்கம். 2004-ல் ஏதென்ஸில் அவர் மூன்றாவதாக வந்தபோது, இரண்டாவதாக வந்தவர் திருனேஷின் மூத்த சகோதரி எஜெகாயெஹு! அதே ஒலிம்பிக்கில் 5,000 மீட்டரில் திருனேஷுக்கு வெண்கலம். நான்கு ஆண்டுகளுக்குப் பின் பெய்ஜிங்கில் 5,000, 10,000 இரண்டிலும் அவருக்கே தங்கம். இளையவள் கென்ஸெபே 2015-ல் 1,500 மீட்டரை 3 நிமிடம் 50.07 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தாள். திருனேஷ் 2008-ல் 5,000 மீட்டரில் ஏற்படுத்திய சாதனை 2020 வரையில் நின்றதால், ஐந்தாண்டுக் காலம் இரு உலக சாதனைகள் ஒரே வீட்டில் இருந்தன.

இதைப் படிக்கும் எவரும் "ரத்தத்திலேயே ஊறியது" என்றுதான் சொல்வார்கள். நாம் அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்வதற்கில்லை. உடல்வாகு பிறப்பில் வருவது உண்மைதான். ஆனால் அக்காள் வெள்ளி வாங்கி வந்து வைத்திருக்கும் வீட்டில், தங்கை ஒருத்திக்கு ஓட்டம் என்பது எட்டாத கனவாகத் தோன்றாது; சமையலறைப் பேச்சைப் போல் தினப்படி விஷயமாகிவிடும். பெக்கோஜிப் பள்ளியில் சென்டயெஹு எஷெட்டு என்னும் ஆசிரியர் பிள்ளைகளைத் திரட்டி ஓட்டப் பயிற்சி அளித்து வந்ததையும் மறக்கலாகாது. இவையும் பிதுரார்ஜிதமே.

வேறொரு சொத்தும் அக்குடும்பத்தில் உண்டு. பத்திரிகைகள் அதைப் பற்றி அதிகம் எழுதுவதில்லை. பார்ஸிலோனா வெற்றிக்குப் பின் டெரார்டு, முழங்கால் காயத்தால் 1993, 1994 ஆகிய இரண்டு ஆண்டுகளும் ஒதுங்கியிருந்தார். 1995-ல் திரும்பி வந்து உலக நாடுகளிடை ஓட்டத்தில் முதலாவதாக வந்தார். திருனேஷும் காயத்தால் 2009-ல் பெர்லின் உலகப் போட்டிக்குப் போகவில்லை. பிறகு முழங்காலுக்குக் கீழ், முன்னெலும்பில் வலி. 2011-ல் தேகுவில் நடந்த உலகப் போட்டியும் கை நழுவியது. அவ்வாண்டின் கடைசி நாளான டிசம்பர் 31 அன்றுதான் மாட்ரிட் நகரின் சாலை ஓட்டத்தில் காலெடுத்து வைத்து வென்றார். 2012 ஜூன் மாதம் அமெரிக்காவில் ஒரு 10,000 மீட்டர். ஆகஸ்டு 3 அன்று லண்டன் ஒலிம்பிக்கில், கடைசிச் சுற்று நெருங்கும் வரையில் மற்றவர்களோடு ஒட்டியே ஓடி, பின்னர் ஒருவரும் தொடர முடியாதபடி பிரிந்து சென்று, 30 நிமிடம் 20.75 விநாடியில் தங்கம் வென்றார். 10,000 மீட்டர் பட்டத்தை அடுத்தடுத்த இரு ஒலிம்பிக்குகளில் வென்ற முதல் பெண்மணி அவரே. நடுவில் ஓர் உலகப் போட்டியை விட்டுக்கொடுக்க அவருக்கு எவ்வளவு மனவேதனை இருந்திருக்கும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

இத்தனையும் எழுதக் காரணம், வடக்கேயுள்ள ஒரு ரயில்வே காலனியிலிருந்து வந்த கடிதம். எழுதியவர் நம் சங்க அங்கத்தினர். அவருடைய தகப்பனார் ஓட்டக்காரர். அவரும் இளமையில் ஓடியவர். பத்தொன்பது வயது மகள் 800 மீட்டர் ஓடுகிறாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலைக்கு அடுத்த மாதம் தேர்வு. நான்கு மாதமாக அவளுக்குக் கணைக்கால் எலும்பில் வலி. "எங்கள் வம்சத்தில் வலிக்கென்று ஓட்டத்தை நிறுத்தியவர்கள் இல்லை. தைலம் தேய்த்து ஓடச் சொல்லலாமா?" என்று கேட்கிறார். மாதச் சம்பளக் குடும்பத்தில் ஒரு நிரந்தர உத்தியோகம் என்பது எவ்வளவு பெரிய காரியம் என்று நமக்குத் தெரியாததல்ல. ஆயினும் நமது பதில், ஓடச் சொல்லலாகாது என்பதே.

எலும்பு உயிருள்ள பொருள். ஓட்டத்தின் அடிகள் விழும்போது உடல் முதலில் பழைய எலும்பைச் சிறிது அரித்தெடுத்துவிட்டு, அதன் பின்னரே புதிய எலும்பைக் கட்டுகிறது. அரிப்பதற்கும் கட்டுவதற்கும் இடையிலுள்ள வாரங்களில் அவ்விடம் பலவீனமாக இருக்கும். அச்சமயத்தில் மேலும் மேலும் அடி விழுந்தால் மயிரிழை போன்ற விரிசல் உண்டாகிறது. தைலம் தோலுக்கு இதமளிக்கும், விரிசலை ஒட்டாது. நம் யார்டில் வாகனின் அச்சு சூடேறினால் அதை வண்டியிலிருந்து கழற்றிச் 'சிக் லைனில்' தள்ளிவிடுகிறார்கள். தகுதி உண்டென்று எழுதித் தரும் வரையில், சரக்குக்கு உரியவர் எவ்வளவு கதறினாலும் அது நகராது. வாகனுக்குக் காட்டும் கருணையைப் பெண்ணின் காலுக்கும் காட்டலாமே!

அன்பர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எலும்பு நெடுகப் பரவலாக வலித்து, ஓடத் தொடங்கியதும் சற்றுக் குறைந்தால் அது ஒரு வகை. ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓரிடத்தில் வலித்து, இரவில் படுத்த பின்னும் நீடித்தால் அது வேறு வகை. தாமதியாமல் எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆரம்ப வாரங்களில் எக்ஸ்-ரேயில் விரிசல் தென்படாமலே இருக்கக்கூடும். "படத்தில் ஒன்றுமில்லை" என்று மைதானத்துக்கு அனுப்பிவிடக் கூடாது. எம்.ஆர்.ஐ. படம் வேண்டுமா என்று கேட்டுக்கொள்வது நலம். தாய்மார் கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. உடல் இளைக்க வேண்டுமென்று பெண் பாதி வயிறு உண்கிறாளா, மாதவிலக்குத் தவறுகிறதா என்று தனியே விசாரிக்க வேண்டும். போதிய ஆகாரம் இன்றேல் எலும்பு தேறாது. இதை மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்டுப் பலர் மறைத்துவிடுகிறார்கள்.

மருத்துவர் ஓட்டத்தை நிறுத்தச் சொன்னால் தேகப் பயிற்சி அனைத்தையும் நிறுத்த வேண்டியதில்லை. வலி தராத அளவில் நீச்சல், சைக்கிள் ஆகியவற்றை அவர் அனுமதிக்கக்கூடும். வலியின்றி நடக்க முடிந்த பிறகு, ஒரு நிமிட ஓட்டம், சில நிமிட நடை என்று தொடங்கி வாரந்தோறும் சிறிது கூட்டலாம். வலி திரும்பினால் ஒரு படி இறங்க வேண்டியதுதான்.

உத்தியோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு வயது வரம்பு 18 முதல் 25 வரை. மகளுக்கு இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் இருக்கின்றன. இவ்வாண்டு அறிவிப்பு போனால் பின்னொரு அறிவிப்பு வரும். அதற்குள் அவள் போட்டிகளில் பெற்ற சான்றிதழ்களையெல்லாம் ஒரு கோப்பில் அடுக்கி, அறிவிப்பில் கேட்கும் போட்டியும் காலமும் பொருந்துகின்றனவா என்று தந்தையே சரிபார்த்து வைக்கலாம். மருத்துவரின் அபிப்பிராயம் கிடைத்ததும் ஓர் அஞ்சலட்டை போட்டால் நமக்கும் நிம்மதியாக இருக்கும்.