அம்மம்மாவும் அரை நிமிடக் கணக்கும்

பிரித்தானியாவில் உள்ள நம்மவர் வீடுகளில் பிற்பகல் வேளையில் தொலைக்காட்சி போய்க்கொண்டிருந்தால், அது பெரும்பாலும் ஏதாவது ஒரு தமிழ்த் தொடராகத்தான் இருக்கும். பிள்ளைகள் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பாடசாலைக்கும் போன பிறகு, வீட்டில் தனித்திருக்கும் பெரியவர்களுக்கு அதுதான் துணை. ஆனால் ஒருசில வீடுகளில், ஆங்கிலம் அதிகம் தெரியாத அம்மம்மாவும் அப்பப்பாவும்கூட ஒரு ஆங்கில நிகழ்ச்சிக்கு நேரம் பார்த்து வந்து உட்காருவதைக் காணலாம். சனல் 4 இல் வரும் 'கவுண்டவுன்' தான் அது. எங்கள் வீடும் அப்படிப்பட்ட வீடுகளில் ஒன்று.

1982 நவம்பர் 2 ஆம் திகதி சனல் 4 ஆரம்பிக்கப்பட்டபோது அதில் முதன்முதலில் ஒளிபரப்பான நிகழ்ச்சி இதுதான். பிரான்ஸ் நாட்டு நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்துச் செய்யப்பட்டது. (பரிஸில் இருக்கும் நமது உறவினர்கள் அதை அறிவார்கள். அங்கே அது 2024 இல் நிறுத்தப்பட்டுவிட்டது.) நிகழ்ச்சியில் எழுத்துக்களைக் கொண்டு சொல் அமைக்கும் சுற்றுகளே அதிகம். அவை ஓடும்போது எங்கள் அம்மம்மா எழும்பித் தேத்தண்ணி வைக்கப் போய்விடுவார். எண் சுற்று வந்ததும் திரும்பிவிடுவார். போட்டியாளர் ஆறு எண்களைத் தெரிவு செய்வார். பெரிய எண்கள் 25, 50, 75, 100 ஆகிய நான்கும்தான். சிறியவை 1 முதல் 10 வரை, ஒவ்வொன்றிலும் இரண்டு. பிறகு இயந்திரம் ஒரு மூன்று இலக்க எண்ணைக் காட்டும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் மட்டும் கொண்டு 30 விநாடிக்குள் அந்த எண்ணை அடைய வேண்டும். ஒரு எண்ணை ஒரு தடவைதான் பாவிக்கலாம். எல்லா எண்களையும் பாவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சரியாக அடைந்தால் 10 புள்ளி, 5 க்குள் நெருங்கினால் 7, 10 க்குள் நெருங்கினால் 5.

அம்மம்மா ஊரில் சங்கக் கடையில் பல வருடம் கணக்கு எழுதியவர். ஒருநாள் 25, 50, 3, 6, 8, 10 என்று எண்கள் வந்தன. அடைய வேண்டியது 431. பேரன் கடிதாசியும் பேனையுமாக 50 இலிருந்து 8 ஐக் கழித்து 10 ஆல் பெருக்கி 420 க்கு வந்து, 6 ஐயும் 3 ஐயும் கூட்டி 429 இல் நின்றுகொண்டிருந்தான். அம்மம்மா கையிலிருந்த கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "எட்டைம்பது நானூறு, இருபத்தஞ்சும் ஆறும் முப்பத்தொண்டு. இதுக்கு என்னத்துக்கு அரை நிமிசம்?" என்றார். பேரன் அன்று அவரைப் பார்த்த பார்வையை நாங்கள் மறக்கவில்லை. பாடசாலைக் கடிதம் வாசிக்கவும் வைத்தியரிடம் பேசவும் தன்னைத் துணைக்குத் தேடும் அம்மம்மாவாகத்தான் அவரை அதுவரை அவன் அறிந்திருந்தான்.

இதை சுகாதாரப் பக்கத்தில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இப்படியான விளையாட்டுக்களை ஆடினால் டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் வராது என்று நம்மவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. வாட்ஸ்அப்பில் வராத நாள் இல்லை. அதை நம்பி நாங்களும் ஏமாந்தோம்.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன? பி.பி.சி. நிகழ்ச்சி ஒன்றுடன் சேர்ந்து இந்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 11,430 பேருக்கு ஆறு கிழமை கணினி வழியாக மூளைப் பயிற்சி கொடுத்து, முடிவை 2010 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்டார்கள். பயிற்சி பெற்ற விளையாட்டில் எல்லோரும் முன்னேறினார்கள். ஆனால் அந்த முன்னேற்றம் வேறு திறமைகளுக்குப் பரவவில்லை. அவர்கள் 60 வயதுக்கு உட்பட்டவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட 2,832 பேரைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வின் முதல் முடிவுகள் 2002 இல் வந்தன. அங்கேயும் எதில் பயிற்சியோ அதில்தான் முன்னேற்றம். பத்து வருடங்களின் பின் கேட்டபோது, பயிற்சி பெற்றவர்கள் அன்றாட வேலைகளில் தங்களுக்குச் சிரமம் சற்றுக் குறைவு என்று கூறினார்கள். நல்ல விடயம்தான். ஆனாலும் மறதிநோய் வராது என்பதற்கும் இதற்கும் வெகுதூரம். லுமோசிட்டி என்ற மூளைப்பயிற்சி நிறுவனம் தன் விளம்பரங்களில் அளவுக்கு மீறிச் சொன்னதற்காக 2016 இல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையத்துக்கு 20 இலட்சம் டொலர் கட்டச் சம்மதித்தது.

அப்படியானால் இந்த விளையாட்டு வீண்தானா? இல்லை என்பது எங்கள் கருத்து. நன்மை கணக்கில் இருப்பதைவிடக் கூட்டத்தில் இருக்கிறது. 2024 இல் 'லான்செற்' மருத்துவ ஆணைக்குழு, மறதிநோய்க்கான ஆபத்துக் காரணிகளில் மாற்றக்கூடியவை 14 என்று பட்டியலிட்டது. அவற்றையெல்லாம் சீர்செய்ய முடிந்தால் 45 வீதம் வரையான மறதிநோயைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்பது அவர்களின் கணிப்பு. நமக்கு நன்கு பழக்கமான நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், கொலஸ்ரரோல், உடலசைவுக் குறைவு எல்லாம் அதில் இருக்கின்றன. கூடவே காது கேளாமை, கண்பார்வைக் குறைவு, மனச்சோர்வு, தனிமை ஆகியவையும் இருக்கின்றன. தனிமைக்கு மாத்திரை கிடையாது. ஆங்கிலம் தெரியாத ஒரு பெரியவர் இந்நாட்டுத் தொலைக்காட்சியின் முன்னால் இருந்து பேரப்பிள்ளையோடு சரிக்குச் சரி போட்டி போடக்கூடிய இடம் எத்தனை இருக்கிறது? எண்ணுக்கு மொழி தேவையில்லை. எட்டைம்பது எங்கே போனாலும் நானூறுதான்.

இனி நாங்கள் விட்ட பிழைக்கு வருகிறோம். சில வருடங்களுக்கு முன் ஒரு மாரிகாலத்தில் அம்மம்மா விடை சொல்வது குறைந்துகொண்டே போனது. சொன்னாலும் பிழைத்தது. 8 இருக்க வேண்டிய இடத்தில் 3 ஐ வைத்துக் கணக்குப் பார்த்தார். பேரன் சிரித்தான். நாங்களும் சேர்ந்து சிரித்தோம் என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறோம். பிறகு அவர் அந்த நேரத்தில் அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளத் தொடங்கினார். கேட்டால் "எனக்கு விருப்பமில்லை, நீங்கள் பாருங்கோ" என்பார். வயது போனால் அப்படித்தான் என்றோம். மறதி தொடங்கிவிட்டது என்று எங்களுக்குள் குசுகுசுத்தோம். மூளைப் பயிற்சி விளையாட்டுக்கள் நிறைந்த ஒரு ரப்லெற் வாங்கிக் கொடுத்து, தினமும் அரை மணித்தியாலம் விளையாடுங்கள் என்று கட்டளையும் போட்டோம். அது சோபா மெத்தைக்குக் கீழே போய்விட்டது. வேலைக்குப் போகும் அவசரத்தில், அவரோடு இருக்க வேண்டிய நேரத்துக்குப் பதிலாக ஒரு கருவியைக் கொடுத்துவிட்டுத் தப்பிக்கப் பார்த்தோம் என்பதுதான் உண்மை.

கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தது கண்ணாடிக் கடையில். இரண்டு கண்ணிலும் கண்புரை. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்.எச்.எஸ். மூலம் கண் பரிசோதனை இலவசம். அம்மம்மாவை நாங்கள் நாலு வருடமாகக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அவருக்கு 8 உம் 3 உம் ஒன்றாகத் தெரிந்திருக்கின்றன. அதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு இன்னொரு அலைச்சல் என்று சொல்லாமல் இருந்திருக்கிறார். இரண்டு சத்திரசிகிச்சைக்குப் பிறகு திரும்பவும் தன் கதிரைக்கு வந்தார். முன்னைய வேகம் இல்லை, ஆனால் பிழையும் இல்லை.

எல்லா வீட்டிலும் இது கண்ணோடு முடிவதில்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் (அவர்களின் சம்மதத்துடன் எழுதுகிறோம்) தகப்பனார் ஒரே எண்ணை இரண்டு தடவை பாவிக்கத் தொடங்கினார். பிறகு விளையாட்டின் விதியே அவருக்குப் பிடிபடவில்லை. கட்டணம் கட்டுவதிலும் கடையில் மீதிக்காசு எண்ணுவதிலும் அதே தடுமாற்றம். பிள்ளைகள் மறைக்காமல் குடும்ப வைத்தியரிடம் போனார்கள். அவர் இரத்தப் பரிசோதனைகளைச் செய்து, மெமரி கிளினிக்குக்கு அனுப்பினார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுப் பெற்றார்கள். அதற்குக் கட்டணம் இல்லை. மகளையோ மகனையோ வைத்து மொழிபெயர்ப்பதைவிட அதுவே நல்லது. பிள்ளைகள் அப்பாவின் பிழையைத் தங்களை அறியாமலே திருத்திச் சொல்லிவிடுவார்கள்! அவருக்கு மறதிநோய் உறுதியானது. வீட்டுப் பத்திரங்களையும் மற்றக் காரியங்களையும் அவர் விளங்கிக் கையெழுத்து வைக்கக்கூடிய காலத்திலேயே ஒழுங்கு செய்ய முடிந்தது என்று மகள் சொன்னார்.

ஆகவே வழக்கமாக விளையாடும் ஒருவர் விளையாட்டை விட்டு ஒதுங்கினால், ஏன் என்று கேளுங்கள். கண்ணாக இருக்கலாம், காதாக இருக்கலாம். விற்றமின் பி12 குறைவு, தைரொயிட், மனச்சோர்வு, மருந்துகளின் பக்கவிளைவு என்று திருத்தக்கூடிய காரணங்கள் பல உண்டு. இரண்டொரு நாளுக்குள் திடீரென்று குழப்பம் வந்தால் அது சிறுநீர்த் தொற்றாகவோ வேறு நோயாகவோ இருக்கலாம், அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஆனால் தொலைக்காட்சிக்கு முன்னால் பெரியவரை இருத்தி, எங்கே சொல்லுங்கள் பார்ப்போம் என்று சோதனை வைக்காதீர்கள். நோயைக் கண்டுபிடிப்பது வைத்தியரின் வேலை. ஒரு கணக்குப் பிழைப்பதால் எதுவும் தீர்மானமாகிவிடாது. எங்களுக்கும்தான் பிழைக்கிறது.

விளையாடும் விதத்திலும் சிறு மாற்றங்கள் செய்யலாம். நிகழ்ச்சியைப் பதிவு செய்து வைத்தால் பிள்ளைகள் பாடசாலையால் வந்த பிறகு எல்லோருமாகப் பார்க்கலாம். எண்கள் வந்ததும் நிறுத்திவிட்டால் அந்த மணிக்கூட்டின் இசை பெரியவர்களைப் பதற்றப்படுத்தாது. அரை நிமிடம் என்பது போட்டியாளருக்குத்தான் சட்டம், நமது சோபாவுக்கு அல்ல. எண்களைப் பெரிதாக ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்று, நிகழ்ச்சி விளம்பரங்களோடு கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். அவ்வளவு நேரமும் முறுக்குத் தட்டோடு அசையாமல் இருந்தால், நீரிழிவுள்ள உடம்புக்கு அது எந்தக் கணக்கிலும் இலாபமில்லை. பெரியவர்களும் தங்களால் இயலுமான அளவில் கிழமைக்கு 150 நிமிடம் மிதமான உடலசைவு செய்ய வேண்டும் என்பது இந்நாட்டுத் தலைமை மருத்துவ அதிகாரிகளின் 2019 ஆம் ஆண்டு வழிகாட்டல். எங்கள் வீட்டில் விளம்பரம் வந்தால் எல்லோரும் எழும்பி நடக்க வேண்டும். அம்மம்மா சமையலறைக்கும் வாசலுக்குமாக நடப்பார். பேரன்தான் சாட்டுச் சொல்வான்.

நமது சங்கத்தின் மூத்தோர் ஒன்றுகூடலிலும் இதை ஒரு அங்கமாகச் சேர்க்கலாம் என்று நிர்வாகக் குழுவிடம் கேட்டிருக்கிறோம். தொலைக்காட்சியும் தேவையில்லை, அட்டையில் எழுதிய 24 எண்கள் போதும். பரிசு வேண்டாம், மேடை வேண்டாம். முன்பு ஒரு விழாவில் வயதானவர்களை மேடையேற்றி மனக்கணக்குப் போட்டி வைத்து, விடை தெரியாமல் நின்ற ஒருவர் அடுத்த வருடம் விழாவுக்கே வரவில்லை. அது போதும். மேசைக்கு நாலு பேர், அதில் ஒருவர் பாடசாலைப் பிள்ளை என்றால் நல்லது.

அதுவரை வீட்டில் செய்து பார்க்க ஒன்று: 100, 75, 2, 4, 5, 9. அடைய வேண்டியது 683. முதலில் அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ கேளுங்கள், ஊரில் இருந்தால் தொலைபேசியில் கேளுங்கள். விடை அடுத்த இதழில்.