சுவரில் எழுதியதும் இணையத்தில் எழுதாததும்

வீட்டில் எம்.பி.பி.எஸ். முடித்த பிள்ளை இருந்தால், நீட் பி.ஜி. முடிவு வந்த பிறகு நாட்கள் கல்யாண வீட்டைவிடப் பரபரப்பாக ஓடும். பொது மருத்துவமா, அறுவை சிகிச்சையா, குழந்தைகள் நலமா? எந்தக் கல்லூரி? கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியலை வரிசைப்படுத்தி, குறித்த நேரத்துக்குள் ‘லாக்’ செய்தாக வேண்டும். அடுத்த மூன்று வருட வாழ்க்கை அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

டாக்டர்கள் நிறைந்த குடும்பத்துப் பிள்ளைக்குக் கவலை குறைவு. ‘அங்கே நோயாளிகள் நிறைய வருவார்கள், கை பழகும்’, ‘இங்கே பேராசிரியர் நன்றாகச் சொல்லிக் கொடுப்பார்’ என்று சொல்லச் சித்தப்பாவோ அத்தையோ இருப்பார்கள். உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமத்தில், நெல் விற்ற பணத்தில் படித்துக் குடும்பத்தின் முதல் டாக்டராக வந்த பெண்ணுக்கு யார் சொல்வார்கள்? அவளுக்குத் துணை செல்போனும் கல்லூரியின் இணையதளமும்தான்.

அந்தத் தளத்தைத் திறந்தால் பல நேரம் நுழைவாயில் படமும், நிறுவனரின் வாழ்த்துரையும், பட்டமளிப்பு விழாப் புகைப்படங்களும்தான் வரவேற்கும். ஆசிரியர் பட்டியல் இருக்கும்; அது எந்த வருடத்துப் பட்டியல் என்று இருக்காது. இரவு டியூட்டி எத்தனை, மாணவரே கைப்பட எத்தனை அறுவை சிகிச்சை செய்யலாம், உதவித்தொகை மாதாமாதம் வருகிறதா போன்ற தகவல்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இது நம் ஊர்க் குறை மட்டுமல்ல. அமெரிக்காவிலும் சிறப்பு மருத்துவப் பயிற்சி இடங்களின் இணையதளங்களை ஆராய்ந்தவர்கள், தேவையான விவரங்கள் விடுபடுவதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அங்கே ‘ஃப்ரீடா’ என்ற பொதுத் தகவல் தளத்தை அமெரிக்க மருத்துவச் சங்கம் நடத்துகிறது. பயிற்சி மருத்துவர் வாரத்துக்குச் சராசரியாக 80 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்ற வரம்பும் 2003 முதல் இருக்கிறது.

நம் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ம் வருட முதுநிலை விதிகள் வாரம் ஒரு நாள் ஓய்வு, வருடத்துக்கு 20 நாள் தற்செயல் விடுப்பு, 5 நாள் கல்வி விடுப்பு என்கின்றன. வேலை நேரம் மட்டும் ‘நியாயமான’ அளவில் இருக்க வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறது. எத்தனை மணி நேரம் நியாயம் என்பதைக் கல்லூரிதான் சொல்ல வேண்டும்.

பணம் பற்றிச் சொல்லும்படி 2025-ல் இரண்டு உத்தரவுகள் வந்தன. கல்விக் கட்டணம், விடுதி, முன்வைப்புத் தொகை, இதர செலவு எல்லாவற்றையும் தனியார் மற்றும் நிகர்நிலைக் கல்லூரிகள் கவுன்சலிங்குக்கு முன்பே வெளியிட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். உதவித்தொகை விவரத்தை இணையதளத்தில் போடும்படி கல்லூரிகளுக்கு ஆணையம் சொன்னது. ஆக, இவற்றைக் கேட்பது சலுகை அல்ல, உரிமை.

வெளிப்படையாக எழுதி வைப்பது உத்திரமேரூருக்குப் புதிதல்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், ஊர்ச்சபை வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதிகளைச் சபை மண்டபச் சுவரிலேயே வெட்டி வைத்தார்கள். வயது 35-க்கு மேல், 70-க்குள். இவ்வளவு நிலம் வேண்டும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இல்லை. அந்தத் தகுதிகள் ஊரில் எல்லோருக்கும் இடம் கொடுக்கவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் விதி என்ன என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

‘லாக்’ செய்யும் முன் வீட்டார் உட்கார்ந்து இந்த விடைகளைத் தேடட்டும்:

* மூன்று வருடத்துக்கும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு?
* உதவித்தொகை எவ்வளவு, எந்தத் தேதியில் வருகிறது?
* வாரத்துக்கு எத்தனை இரவு டியூட்டி?
* துறையில் இப்போது இருக்கும் பேராசிரியர்கள் யார்?
* புறநோயாளிகள், பிரசவங்கள், அறுவை சிகிச்சைகள் எத்தனை? மாணவர் கைப்படச் செய்ய இடம் உண்டா?
* பெண் மருத்துவர்களுக்கு விடுதியும், இரவில் பாதுகாப்பான ஓய்வறையும் உண்டா?
* பாதியில் விலகினால் கட்ட வேண்டியது எவ்வளவு? படித்து முடித்தபின் அரசுப் பணி ஒப்பந்தம் எத்தனை காலம்?

தளத்தில் விடை இல்லாவிட்டால் கல்லூரி முதல்வர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். பதில் எழுத்தில் இருப்பது நல்லது. கட்டணப் பக்கத்தைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அங்கே இப்போது படிக்கும் இரண்டு பேரிடமாவது பேசுங்கள்: ஒருவர் முதல் வருடம், ஒருவர் கடைசி வருடம். இருவர் சொல்வதும் ஒத்துப்போனால் நம்பலாம்.

தொகை சிறிதென்றால் கடன் வாங்கிச் சமாளிக்கலாம். கை பழகாமல் போன மூன்று வருடத்தை எந்த வங்கியும் திருப்பித் தராது. அந்தக் கையை நம்பித்தான் நாளைக்கு ஒரு தாலுகா மருத்துவமனையில், நள்ளிரவில், யாரோ ஒரு தாய் பிரசவ வலியோடு வந்து படுக்கப் போகிறாள்.