பயன்படாத பாராமீட்டரை நீக்கலாமா?

சி மொழியில் புரோகிராம் எழுதிப் பழகுகிறீர்களா? ஜிசிசி கம்பைலரில் 'டபிள்யூ ஆல்', 'டபிள்யூ எக்ஸ்ட்ரா' ஆகிய இரண்டு ஆப்ஷன்களையும் கொடுத்துப் பாருங்கள். 'அன்யூஸ்டு பாராமீட்டர்' என்று வார்னிங் வரலாம். பங்ஷனுக்கு ஒரு மதிப்பை அனுப்புகிறீர்கள், உள்ளே அதை யாரும் தொடவில்லை என்று பொருள். குளத்தூரில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கி சி படிக்கும் என் சித்தப்பா மகன், "ஓடுதுல்லண்ணே, கெடக்கட்டுமே" என்கிறான். எனக்கு இதில் உடன்பாடில்லை.

எங்கள் பக்கம் கிணறு வற்றி மோட்டாரைக் கழற்றிய பிறகும் சுவரில் சுவிட்ச் இருக்கும். விவரம் தெரியாதவர் அதைப் போட்டுவிட்டுத் தண்ணீருக்குக் காத்திருப்பார்.

லினக்ஸ் கெர்னலிலேயே இப்படி ஒரு சுவிட்ச் இருந்தது. ஒரு புரோகிராம் கொடுக்கும் மெமரி முகவரி, பயனர் புரோகிராம்களுக்கு உரிய எல்லைக்குள் இருக்கிறதா என்று சோதிப்பது 'ஆக்சஸ் ஓகே'. அங்கே படிக்கப் போகிறோமா, எழுதப் போகிறோமா என்று சொல்வது அதன் முதல் பாராமீட்டர். இன்டெல் 386 சிப்புக்கு இது தேவைப்பட்டது. 'எழுதக் கூடாது' என்ற பூட்டு போட்டிருந்தாலும், எழுதுவது கெர்னல் என்றால் அந்தச் சிப் தடுக்காது. ஆகவே சாப்ட்வேரே சோதிக்க வேண்டியிருந்தது. 486 சிப்பில் இந்தக் குறை நீங்கியது. 2013 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் 3.8, 386 சிப்புக்கான ஆதரவையே கைவிட்டது. பாராமீட்டர் மட்டும் அப்படியே நின்றது! 2019 ஜனவரியில்தான் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை நீக்கினார். அதுவரை, 'எழுத' என்று குறிப்பிட்டவர் எழுதும் அனுமதியும் சோதிக்கப்படுவதாக நம்பியிருக்கலாம். சோதிக்கப்பட்டது எல்லை மட்டுமே. பாதுகாப்புக்கான பங்ஷனில் இது சின்ன விஷயமா?

நீக்கியதற்கும் விலை இருந்தது. கெர்னலுக்குள் அதை அழைத்த இடங்கள் ஒரே மாற்றத்தில் திருத்தப்பட்டன. வெளியே தனியாக வரும் டிரைவர்களில் பழையபடி மூன்று மதிப்புகள் அனுப்பியவை லினக்ஸ் 5.0-ல் கம்பைல் ஆகவில்லை. அவற்றை எழுதியவர்கள் திருத்தித் தரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

உங்கள் புரோகிராமில் நீங்களே எழுதி நீங்களே அழைக்கும் பங்ஷன் என்றால் தயங்காமல் நீக்குங்கள். விட்டுப்போன இடத்தைக் கம்பைலரே எர்ரராகக் காட்டிவிடும் (பங்ஷனின் டிக்ளரேஷனையும் மாற்ற மறக்க வேண்டாம்). ஆனால் 'சிக்னல்' போன்ற லைப்ரரி பங்ஷனிடம் ஒப்படைக்கும் பங்ஷனைத் தொடாதீர்கள். அதற்கு எத்தனை பாராமீட்டர் என்பதை லைப்ரரி ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. வார்னிங் தொல்லையாக இருந்தால், அடைப்புக்குறிக்குள் 'வாய்ட்' போட்டு, அடுத்து அந்தப் பாராமீட்டரின் பெயரையும் செமிகோலனையும் போட்டு, பங்ஷனுக்குள் ஒரு வரி சேர்த்தால் போதும்.