ஒரு கூரையின் கீழ் இரு தொழில்

புடைவைக் கடை வைத்திருக்கும் ஒருவர் அதே கடையில் தையல் வேலையையும் தொடங்கலாமா என்று கேட்டால், "அதில் என்ன தடை? துணி வாங்கிய இடத்திலேயே சட்டையையும் தைத்துக்கொள்ளலாமே! வாடிக்கைக்காரருக்கு வசதி, கடைக்காரருக்கு இரட்டை இலாபம்" என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். ஆனால், அவ்வூர்த் தையற்காரர் அனைவரும் அதுவரை காலமும் அந்தக் கடையிலேதான் துணியும் நூலும் பொத்தானும் வாங்கி வந்தவர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் தமக்கே போட்டியாகத் தையல் இயந்திரத்தை வைத்துவிட்டார் என்று அறிந்த பின்னர், அவர்கள் அக்கடையின் படியை மிதிப்பார்களா?

கேள்வி எளியதுபோலத் தோன்றினும் விளைவு எளியதன்று. ஐக்கிய அமெரிக்காவில் மோட்டார் உதிரிப்பாகம் விற்கும் பெருங்கம்பனிகள் நூறு ஆண்டுகளாக இதே கேள்விக்கு விடை தேடி வந்திருக்கின்றன. தெளிவான விடை கண்டவை தழைத்தன. தடுமாறியவை தம் பெயரையும் தம்மை நம்பியிருந்த தொழிலாளரின் வேலையையும் இழந்தன. வர்த்தகம் பயிலும் மாணவருக்கும், சிறு கடையொன்றை நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றுவோருக்கும் இவ்வரலாற்றில் கற்பதற்கு நிறைய உண்டு.

முதலில் இவ்வியாபாரத்தின் தன்மையை அறிதல் வேண்டும். 2024ஆம் ஆண்டில் அமெரிக்க வீதிகளில் ஓடிய கார்களினதும் சிறு லொறிகளினதும் சராசரி வயது 12.6 ஆண்டுகள். அத்தனை வயதான வண்டிக்கு இன்று பற்றறி வேண்டும். நாளை பிறேக் கட்டை வேண்டும். மறுமாதம் தண்ணீர்ப் பம்பி வேண்டும். வண்டி பழுதானால் அதன் சொந்தக்காரர் இரண்டில் ஒன்றைச் செய்வார். சிலர் உதிரிப்பாகத்தை வாங்கி வந்து, ஓய்வு நாளில் வீட்டு முற்றத்தில் தாமே பூட்டிக்கொள்வர். மற்றையோர் வண்டியைக் கராஜில் ஒப்படைத்துவிடுவர். அப்படி ஒப்படைக்கப்பட்ட வண்டிக்கு வேண்டிய பாகத்தைக் கராஜ்காரரே வாங்குகிறார்.

ஆகவே, உதிரிப்பாகக் கடைக்கு இரண்டு வகையான வாடிக்கைக்காரர் உளர். இவர்களுடைய தேவைகள் ஒன்றல்ல. வீட்டுக்காரர் விலையைப் பார்ப்பார். எப்படிப் பூட்டுவது என்று யோசனை கேட்பார். வேண்டிய ஸ்பனர் தம்மிடம் இல்லையே என்று தயங்குவார். கராஜ்காரரோ வண்டியை உயர்த்தி வைத்துச் சக்கரத்தையும் கழற்றிவிட்டு நிற்பவர். பாகம் வரும்வரை அவருக்கு அவ்விடத்தில் வேறு வேலை செய்ய இயலாது. மெக்கானிக்கின் கூலியோ ஓடிக்கொண்டிருக்கும். அவர் தொலைபேசியை எடுத்துக் கேட்கும் முதற் கேள்வி, "என்ன விலை?" என்பதன்று, "எப்போது கொண்டுவருவீர்கள்?" என்பதே.

சரக்கின் தன்மையும் விசேடமானது. அரிசியும் சீனியும் வந்த வேகத்தில் விற்றுத் தீரும். உதிரிப்பாகமோ ஒவ்வொரு வண்டி வகைக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் வேறுபடும். ஆண்டு முழுவதும் அலுமாரியில் கிடந்து, யாரோ ஒருவர் வந்து கேட்கும்போது கைக்கு எட்ட வேண்டும். இத்துறையின் முன்னணிக் கம்பனியான ஓட்டோசோனிற்கூட மொத்தச் சரக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை முறைதான் விற்றுத் தீர்கிறது. சரக்கில் முடங்கும் பணத்தைச் சமாளிப்பவரே இத்தொழிலில் நிலைப்பார்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1921ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் நண்பர்கள் நால்வர் தலைக்கு 200 டொலர் வீதம் 800 டொலரைத் திரட்டிச் சிறு உதிரிப்பாகக் கடையொன்றைத் திறந்தனர். எஞ்சின் வால்வுகளைத் தேய்த்துச் சீராக்க உதவிய பசையொன்றின் பெயரிலிருந்து "பெப்" என்ற சொல்லை எடுத்துக் கடைக்குச் சூட்டினர். அதுவே பின்னர் பெப் போய்ஸ் எனப் புகழ் பெற்றது. மானி, மோ, ஜாக் என்னும் மூவரின் வேடிக்கையான முகச் சித்திரங்கள் அந்நாட்டுக் குழந்தைகளுக்கும் பழக்கமாயின. 1946இல் கம்பனியின் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன.

பெப் போய்ஸ் கடைப்பிடித்த வழி, நாம் தொடக்கத்தில் கூறிய புடைவைக் கடைக்காரரின் வழியே. முன்புறம் உதிரிப்பாகக் கடை; பின்புறம் வண்டி திருத்தும் கராஜ். தாமே பூட்ட வல்லவர் முன்புறத்தில் வாங்கிச் செல்லலாம். இயலாதவர் வண்டியைப் பின்புறத்தில் விட்டுவிடலாம். 2015ஆம் ஆண்டளவில் 35 மாநிலங்களிலும் போர்ட்டோ ரிக்கோவிலுமாக அதற்கு ஏறத்தாழ 800 கிளைகள் இருந்தன. ஒரே வேளையில் 7,500க்கு மேற்பட்ட வண்டிகளை நிறுத்தித் திருத்துவதற்கு வேண்டிய இடமும் இருந்தது.

இவ்வழியில் நன்மை இல்லாமலில்லை. ரயர் மாற்ற வந்தவரின் பிறேக்கையும் பார்த்துச் சொல்லலாம். திருத்துவதற்கு வேண்டிய பாகமும் அடுத்த அறையிலேயே கிடைக்கும். ஆனால், தீமை மெல்ல மெல்லவே வெளிப்பட்டது. கடைக்கும் கராஜுக்கும் சேர்த்துப் பெரிய நிலம் வேண்டியிருந்தது. ஆதலால் போட்டிக் கம்பனிகளின் சிறு கடைகளைப்போலச் சந்திக்குச் சந்தி கிளை திறக்க இயலவில்லை. ஊரிலுள்ள மற்றக் கராஜ்காரர் தம் போட்டியாளரிடம் சென்று பாகம் வாங்க விரும்புவது அரிது. இவற்றுக்கு மேலாக, கடை நடத்தும் திறமை வேறு, கராஜ் நடத்தும் திறமை வேறு. கடை சரக்கினால் பிழைக்கிறது. கராஜ் கைவினைஞரின் நேரத்தினால் பிழைக்கிறது. ஒரே முகாமையாளர் இரண்டையும் கவனிக்கப் புகுந்தால், ஒன்று கவனிப்பாரற்றுப் போதல் இயல்பு.

கம்பனியும் இதனை உணராமலில்லை. ஆயினும் ஒரு திசையில் உறுதியாக நடக்கவில்லை. கராஜ் இல்லாத சிறு உதிரிப்பாகக் கடைகளைத் திறந்து பார்த்தது; 1998இல் அத்தகைய 100 கடைகளின் இடங்களை ஓட்டோசோனுக்கே கொடுத்துவிட்டது. 2009 முதல் எதிர்த்திசையில் திரும்பி, திருத்த வேலையும் ரயர் விற்பனையும் மட்டும் நடக்கும் சிறு நிலையங்களைப் பெருக்கியது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பது இதுதான்.

2015இல் கம்பனி விற்பனைக்கு வந்தபோது நடந்த ஏலப் போட்டி, நோயை வெளிப்படையாகக் காட்டியது. ஜப்பானிய ரயர்க் கம்பனியான பிறிட்ஜ்ஸ்ரோன் பங்கொன்றுக்கு 15 டொலர் தர முன்வந்தது. அதற்கு வேண்டியிருந்தவை பின்புறத்துக் கராஜ்கள். ரயர் விற்க அவை தகுந்த இடங்கள். பெருஞ்செல்வரான கார்ல் ஐக்கான் எதிர்த்து விலை கூறினார். அவர் கண் வைத்தது முன்புறத்துக் கடைகள்மீது. அவ்வாண்டிலேயே ஓட்டோ பிளஸ் என்னும் உதிரிப்பாகக் கம்பனியை வாங்கியிருந்த அவர், இரண்டையும் இணைக்க எண்ணினார். ஒரே கம்பனியை இருவர் இரு வேறு காரணங்களுக்காக விரும்பினர் என்றால், அது உண்மையில் இரண்டு கம்பனி அல்லவா? முடிவில் 18.50 டொலர் விலைக்கு, ஏறக்குறைய 100 கோடி டொலர் செலவில், 2016இல் ஐக்கான் அதனைப் பெற்றார். ஆனால், இணைத்தவற்றை அவரே பின்னர் பிரிக்க நேர்ந்தது. உதிரிப்பாகப் பகுதி ஓட்டோ பிளஸ் என்ற பெயரில் தனியாகி, 2023 ஜனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடியது. பெப் போய்ஸ் என்ற பெயர் திருத்த வேலைக்கு உரியதாக எஞ்சியது.

இதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தது ஓட்டோசோன். 1979 ஜூலை 4ஆம் திகதி, ஆர்க்கன்சோ மாநிலத்தின் பொரஸ்ட் சிற்றி என்னும் சிற்றூரில் அதன் முதற் கடை திறக்கப்பட்டது. நிறுவியவரான பிற் ஹைட் மளிகைப் பொருள்களை மொத்தமாக விற்கும் குடும்பத்தில் வந்தவர். எண்ணெய்ப் பிசுக்கும் இருளும் நிறைந்தனவாக மக்கள் எண்ணியிருந்த உதிரிப்பாகக் கடையை, மளிகைக் கடையைப்போல ஒளியும் ஒழுங்கும் உடையதாக அமைத்தார். இக்கம்பனி வண்டி திருத்திக் கொடுத்துக் கூலி பெறுவதில்லை என்பதைத் தன் ஆண்டறிக்கைகளிலேயே எழுதி வந்திருக்கிறது.

திருத்துவதில்லையே தவிர, திருத்துவோருக்கு உதவுவதில் அது குறை வைக்கவில்லை. பற்றறியை இலவசமாகப் பரிசோதித்துத் தருவார்கள். அரிதாகவே தேவைப்படும் கருவியை முற்பணம் பெற்றுக்கொண்டு இரவல் கொடுப்பார்கள். கருவி திரும்பி வந்தால் பணமும் முழுமையாகத் திரும்பும். வீட்டுக்காரரைத் தாமே செய்யத் துணிய வைப்பதே இவற்றின் நோக்கம். 1996இல் கராஜ்களுக்கும் விற்கும் ஏற்பாட்டை அது தொடங்கியபோது, "இவர் எமக்குப் போட்டியாளர்" என்று எந்தக் கராஜ்காரரும் சொல்ல இடமிருக்கவில்லை. மெதுவாக விற்கும் சரக்குக்கும் வழி கண்டது. சரக்கு அனுப்புவோரிடம் நீண்ட தவணை பெற்றதனால், அது அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய தொகை, கையிலுள்ள சரக்கின் பெறுமதியைவிடக் கூடுதலாயிற்று. அலுமாரியில் தூங்கும் சரக்கில் பெரும்பாலும் பிறர் பணமே தூங்குகிறது எனலாம்.

மூன்றாவது வழி ஓ'றைலி குடும்பத்தினுடையது. மிசூரி மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரில் உதிரிப்பாகக் கம்பனியொன்றில் தந்தையும் மகனும் ஊழியம் செய்தனர். தந்தையை ஓய்வு பெறச் செய்யவும் மகனை வேறு நகருக்கு மாற்றவும் அக்கம்பனி முனைந்தபோது, இருவரும் விலகி 1957இல் 13 சிப்பந்திகளுடன் சொந்தக் கடை தொடங்கினர். தொடக்கத்தில் கராஜ்காரரே அவர்களுடைய பிரதான வாடிக்கைக்காரர். பின்னர் வீட்டுக்காரருக்கும் கதவைத் திறந்தனர். வாடிக்கைக்காரர் இரண்டு வகை, தொழில் ஒன்றே. ஒரே பண்டகசாலை, ஒரே அலுமாரி, ஒரே சிப்பந்திகள். பகலில் கராஜ்காரருக்கு விற்கும் அதே பாகத்தை மாலையில் வீட்டுக்காரருக்கும் விற்கலாம்.

2008இல் இக்கம்பனி மேற்கு மாநிலங்களில் 1,300க்கு மேற்பட்ட கடைகளை உடைய சீ.எஸ்.கே. என்னும் கம்பனியை வாங்கியது. அக்கடைகள் பெரும்பாலும் வீட்டுக்காரரையே நம்பியிருந்தன. ஓ'றைலி அவற்றின் பெயர்ப் பலகையை மாற்றியதோடு நின்றுவிடவில்லை. மேற்கே பண்டகசாலைகளை அமைத்து, வாரத்தில் ஐந்து இரவுகளில் கடைகளுக்குச் சரக்குச் சேரும்படி செய்தது. அதன் பின்னரே கராஜ்காரர் நம்பி வந்தனர்.

இதே எண்ணத்துடன் புறப்பட்டு வழி தவறியது அட்வான்ஸ் கம்பனி. 1932இல் ஆதர் ரோப்மன் என்பவர் வேர்ஜீனியா மாநிலத்தில் வாங்கிய சில கடைகளிலிருந்து இது வளர்ந்தது. அக்கடைகளை அவருக்கு விற்றதும் பெப் போய்ஸ்தான். 2014இல் அட்வான்ஸ், கராஜ்களுக்குச் சரக்கு வழங்குவதில் பெயர் பெற்ற கம்பனியொன்றை ஏறத்தாழ 200 கோடி டொலருக்கு வாங்கியது. காகிதத்தில் பார்த்தால் இது ஓ'றைலியின் திட்டமேதான். ஆனால், இரண்டு கம்பனிகளின் பண்டகசாலைகளும் கணக்கு முறைகளும் ஆண்டுகள் பல கழிந்தும் ஒன்றாக இணையவில்லை. 2024இல், வாங்கிய கம்பனியின் முக்கிய பகுதியான வேர்ல்ட்பக்கை 150 கோடி டொலருக்கு விற்க நேர்ந்தது. சொந்தக் கடைகள் 500க்கு மேற்பட்டவற்றையும் நான்கு பண்டகசாலைகளையும் மூடுவதாக அவ்வாண்டு நவம்பரில் அறிவித்தது. மூடப்பட்ட ஒவ்வொரு கடைக்குப் பின்னும் சில குடும்பங்கள் இருந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? இரண்டு வகை வாடிக்கைக்காரருக்கு விற்பது தவறன்று. ஓ'றைலி அதனால் வளர்ந்தது. ஒருவரே வாடிக்கைக்காரராகவும் போட்டியாளராகவும் ஆகும்படி தொழிலை அமைப்பதுதான் ஆபத்து. அடுத்தது, நல்ல திட்டம் மட்டும் போதாது. ஓ'றைலியும் அட்வான்ஸும் எடுத்த முடிவு ஒன்றே. வேறுபட்டது அதனை நிறைவேற்றிய விதம். கராஜ்காரர் கேட்ட பாகம் அன்றிரவே பண்டகசாலையிலிருந்து புறப்பட்டதா இல்லையா என்பதிலேதான் அத்திட்டத்தின் உயிர் இருந்தது.

நடக்கும் தொழிலோடு புதிய தொழிலொன்றைச் சேர்க்க எண்ணும் எவரும், மூலதனத்தைத் தேடுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை காணட்டும். இன்று என்னிடம் வாங்குபவர் யார்? நான் புதிதாகத் தொடங்குவது அவருடைய பிழைப்பில் கை வைக்குமா? இரண்டையும் நடத்தத் தகுந்த ஆட்கள் என்னிடம் உளரா? மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தால் துணிந்து தொடங்கலாம். கிடைக்காவிடில், உள்ள தொழிலை இன்னும் திறம்படச் செய்வதே மேலான இலாபம்.