நிறுத்தச் சொல்லும் உரிமை

வான்வெளிக்குப் போகும் செலவை வெகுவாகக் குறைத்துவிட்டோம் என்று அமெரிக்க முதலாளிகள் மார்தட்டுகிறார்கள். ஸ்பேஸ்எக்ஸ் என்ற ஒரே கம்பெனி 2024-ல் 130 தடவைக்கு மேல் ராக்கெட் விட்டது. அதன் அடிப்பாகம் பத்திரமாகத் திரும்பி வந்து மறுபடியும் பறக்கிறது. இது மனித உழைப்பின் வெற்றி, வரவேற்கிறோம். ஆனால் வேகமும் மலிவும் கைகோத்து வரும்போது ஒரு கேள்வி எழுகிறது. "இன்று வேண்டாம், நிறுத்துங்கள்" என்று சொல்லும் உரிமை வேலை செய்கிறவனுக்கு உண்டா?

இந்தக் கேள்விக்கு ஏழு பேர் உயிரை விலையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

போய்த் திரும்பும் 'ஷட்டில்' விண்கலத்தை ஒரு தடவை அனுப்ப ஒரு கோடி டாலர் சொச்சம்தான் ஆகும் என்று 1970-களின் தொடக்கத்தில் கணக்குக் காட்டினார்கள். கலம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் தரையில் உள்ள ஆயிரக்கணக்கானோரின் சம்பளம் நிற்காது. அச்சகத்தில் நூறு பிரதி அடித்தாலும் பத்தாயிரம் அடித்தாலும் பக்கம் கட்டும் கூலி ஒன்றே அல்லவா? ஆகவே அடிக்கடி பறந்தால்தான் மலிவு. 1985-ல் 9 தடவை பறந்தார்கள். 1990-க்குள் வருஷத்துக்கு 24 என்பது இலக்கு.

1986 ஜனவரி 27 இரவு. மறுநாள் சாலஞ்சர் புறப்பட வேண்டும். புளோரிடாவில் கடுங்குளிர். பூஸ்டர் ராக்கெட்டுகளைச் செய்த மார்ட்டன் தயோகோல் கம்பெனியின் இஞ்சினீயர்கள் ரோஜர் போஷோலேயும் ஆர்னி தாம்சனும் மன்றாடினார்கள். இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப்போகும், உள்ளிருக்கும் தீ வெளியே கசியும், 12 டிகிரிக்குக் கீழே அனுப்ப வேண்டாம் என்றார்கள். டெலிபோனில் கேட்டுக்கொண்டிருந்த நாசா அதிகாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. கம்பெனி நிர்வாகிகள் தனியே கூடிப் பேசினார்கள். இஞ்சினீயர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியை மாட்டிக்கொள்ளும்படி, இஞ்சினீயரிங் பிரிவுத் தலைவரிடம் மேலிடத்தார் ஒருவர் சொன்னார். அவரும் மாட்டிக்கொண்டார்! மறுநாள் காலை 2 டிகிரிக் குளிரில் புறப்பட்ட கலம் 73-வது விநாடியில் சிதறியது. மாண்டவர்களில் கிரிஸ்டா மக்காலிஃப் ஒரு பள்ளி ஆசிரியை.

விசாரணைக் குழுவில் இருந்த விஞ்ஞானி ஃபெயின்மன் உண்மையை அம்பலப்படுத்தினார். விபத்து நேரும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்று என்றது நிர்வாகம். நூற்றில் ஒன்று என்றார்கள் இஞ்சினீயர்கள். 135 தடவை பறந்து 2011-ல் ஓய்ந்த ஷட்டில், இரண்டு கலங்களைப் பறிகொடுத்தது. யார் கணக்கு சரி? செலவோ, தடவை ஒன்றுக்கு 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

எல்லாம் லாபவெறிதான் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. 1967-ல் சோவியத் வீரர் கொமரோவ், சோயுஸ்-1 கலத்தின் பாராசூட் சரியாக விரியாமல் மாண்டார். ஆளில்லாச் சோதனைகள் ஒழுங்காக முடியாதிருந்தும் அவரை அனுப்பினார்கள். அங்கே லாபம் இல்லை. போட்டி கௌரவம் இருந்தது. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நம் பேச்சை யார் மதிப்பார்கள்?

இன்றைய நிலை என்ன? ஸ்பேஸ்எக்ஸ் தொழிற்கூடங்களில் வெளியே தெரியாதிருந்த 600 காயங்களையாவது ராய்ட்டர் செய்தி ஸ்தாபனம் 2023-ல் வெளிப்படுத்தியது. 2022-ல் முதலாளி ஈலான் மஸ்க்கின் நடத்தையைக் கண்டித்துக் கடிதம் எழுதிய ஊழியர்களைக் கம்பெனி வேலைநீக்கம் செய்தது. எட்டுப் பேருக்காக அமெரிக்கத் தொழிலாளர் உறவு வாரியம் 2024 ஜனவரியில் நடவடிக்கை எடுத்தது. அந்த வாரியத்தின் அமைப்பே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று மறுநாளே கோர்ட்டுக்குப் போயிற்று கம்பெனி.