ஒன்றரை மணியிலிருந்து ஐந்து மணி வரை நம் பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள்?

செப்டம்பரில் ஒரு நாள், பள்ளிக்கூட இடைவேளை. நான் வகுப்பில் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். வெளியே கூச்சல் கேட்டு ஓடிப் போய்ப் பார்த்தால், நான்காம் ஆண்டுப் பையன் ஒருவன் கீழே கிடக்கிறான். நெற்றியில் இரத்தம். பக்கத்தில் நிற்பவன் கையில் தேயிலை மிலாறு. சுற்றி எட்டுப் பத்துப் பிள்ளைகள். அவர்களில் நாலைந்து பேர் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே நீட்டி, போன் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கையில் போன் இல்லை. ஆனால் வீடியோ எடுக்கிறார்களாம்.

"ஏன்டா அடிச்ச?" என்று கேட்டேன்.

"சண்ட இல்ல டீச்சர். படம் விளையாடுனோம்."

அடிபட்ட பிள்ளைக்கு மூன்று தையல். இரண்டு பேரும் ஒரே லயத்துப் பிள்ளைகள். அடுத்த நாள் தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்தபடி வந்தார்கள். அவர்களுக்குள் பகை எதுவும் இல்லை. எனக்கு மறக்க முடியாமல் இருப்பது அந்த நீட்டிய கைகள்தான். கூட்டாளி விழுந்து கிடக்கும்போது, தூக்கிவிட ஒரு கைகூட நீளவில்லை.

என்ன படம் என்று விசாரித்தேன். 'கூலி'.

2025 ஓகஸ்ட் 14இல் வெளியான லோகேஷ் கனகராஜின் படம். ரஜினிகாந்த் அதில் தேவா என்ற முன்னாள் துறைமுகத் தொழிலாளி. ஒரு காலத்தில் கூலிகளின் சங்கத் தலைவர். நண்பனின் சாவுக்குக் கணக்குத் தீர்க்கப் புறப்படுகிறார். அடி, வெட்டு, கொலை. பிணத்தை நாற்காலியில் உட்கார வைத்து மின்சாரத்தால் சாம்பலாக்கும் காட்சி. இந்தியாவில் அந்தப் படத்துக்கு 'ஏ' சான்றிதழ் கொடுத்தார்கள். அதாவது 18 வயதுக்குக் குறைந்தவர்கள் தியேட்டருக்குள்ளேயே போக முடியாது. அதை மாற்றித் தரும்படி தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது.

சென்னையில் தியேட்டர் வாசலில் நிறுத்தப்பட்ட அந்த ஒன்பது வயது, பசறையிலும் ஹாலிஎலவிலும் லுணுகலையிலும் லயத்துக் காம்பராவுக்குள் தனியாக உட்கார்ந்து அதே படத்தைப் பார்த்துவிட்டது. வட்ஸ்அப்பில் துண்டு துண்டாக வந்தது. யூடியூப்பிலும் டிக்டொக்கிலும் சண்டைக் காட்சிகள் மட்டும் வெட்டியெடுத்து வந்தன. தியேட்டர் வாசலில் டிக்கட் கிழிப்பவர் இருக்கிறார். போன் வாசலில் யாரும் இல்லை.

நானும் ரஜினி படம் பார்த்து வளர்ந்தவள்தான். அதை மறைக்கத் தேவையில்லை. என் சின்ன வயதில் தீபாவளிக்கு லயமே காசு சேர்த்து, டவுனிலிருந்து டெக்கும் டீவியும் வாடகைக்கு எடுத்து வருவோம். இஸ்தோப்பில் பாய் விரித்து விடிய விடியப் படம் ஓடும். 'பாட்ஷா'வை அப்படித்தான் பார்த்தேன். அதிலும் அடிதடி இருந்தது. ஆனால் வருடத்தில் ஒரு நாள், இருபது குடும்பத்தோடு பார்த்தது. வெட்டுக்குத்து வந்தால் அப்பாயி முந்தானையால் என் கண்ணை மூடுவார். "அவன் பொண்டாட்டி புள்ளைக்கு இனி யாரு சோறு போடுவா?" என்று செத்துப்போன அடியாளுக்காக யாராவது ஒரு கிழவி புலம்புவாள். எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் அந்தக் கேள்வி என் காதில் விழுந்தது. இன்று தனியாகப் பார்க்கும் பிள்ளையின் காதில் அதைப் போட ஆளில்லை.

நமது கூத்துகளிலும் சண்டை இல்லாமல் இல்லை. பொன்னர் சங்கர் கூத்து முழுக்கப் போரும் சாவும்தான். ஆனால் படுகளத்தில் அண்ணன்மார் விழுந்து கிடக்க, தங்காள் அவர்களைத் தேடி அழுது வரும்போது, பார்க்கிற சனமும் சேர்ந்து அழுகிறது. பார்த்துக்கொண்டிருப்பவர்களே மயங்கி விழுவதைக் கண்டிருக்கிறோம். ஒரு உயிர் போனால் அதற்குப் பின்னால் ஒரு தங்கை, ஒரு தாய் இருக்கிறாள் என்று அந்தக் கூத்து விடிய விடியச் சொல்லித் தருகிறது. முப்பது செக்கன் வீடியோவில் ஐந்து பேர் விழுகிறார்கள். அழுவதற்குள் அடுத்த வீடியோ வந்துவிடுகிறது.

படம் பார்த்த பிள்ளை எல்லாம் ரவுடியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆராய்ச்சி செய்தவர்களும் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் அல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் 1961இல் ஒரு சோதனை செய்தார். பெரிய ஆள் ஒருவர் பொம்மையை அடித்து உதைப்பதைச் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டினார். பிறகு அதே பொம்மையுடன் விட்டபோது, அந்தப் பிள்ளைகளும் அதே மாதிரி அடித்தார்கள். 1963இல் அதையே படமாகக் காட்டினார். அப்போதும் பிள்ளைகள் அடித்தார்கள். ஆனால் பொம்மையை அடிப்பது வேறு, மனிதனை அடிப்பது வேறு. அமெரிக்க உளவியல் சங்கமும் 2020இல் இதை விளக்கிச் சொன்னது: வன்முறை விளையாட்டுகளுக்கும் பிள்ளைகளின் முரட்டுத்தனத்துக்கும் சிறிய அளவில் தொடர்பு உண்டு, ஆனால் கொலை போன்ற பெரிய குற்றங்களுக்கு அதுதான் காரணம் என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை. அதனால் பயந்து சாக வேண்டியதில்லை. பார்க்காதது போல இருக்கவும் முடியாது.

வகுப்பில் இன்னொன்றும் நடந்தது. "உனக்குப் பிடித்த தலைவரை வரை" என்று சொன்னேன். ஒரு பையன் தேவாவை வரைந்தான், கையில் ஆயுதத்தோடு. அவனுடைய தாத்தா முப்பது வருடம் தோட்டத் தலைவராக இருந்தவர். "தாத்தாவும் தலைவர்தானே, அவரை வரையலாமே?" என்றேன். "தாத்தா சும்மா பேசத்தானே செய்வாரு டீச்சர். அடிச்சாத்தான் பயப்படுவாங்க" என்றான்.

தோழர்களே, என்னை மிகவும் உறுத்தியது இதுதான். 'கூலி' என்ற சொல்லை நம் பாட்டன் பூட்டன் முதுகில் எழுதிவைத்தார்கள். அந்தச் சொல்லை அழித்து 'தொழிலாளி' என்று எழுத வைத்தது ஒரு வீரனின் கத்தி இல்லை. 1940இல் நம் பதுளை வேவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் தங்களுக்குள் ஒரு சபையைத் தெரிந்தெடுத்தார்கள். அந்தச் சபையைக் கலந்து பேசி நடக்கத் துரை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. அதே வருடம் ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் கோவிந்தன் பொலிஸ் சூட்டில் செத்தார். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், காணி பறிபோவதை எதிர்த்து நின்றபோது, சிவனு லெட்சுமணன் சுடப்பட்டார். நாம் நினைவுகூர்வது அடித்தவர்களை அல்ல, விழுந்தவர்களை.

பிள்ளைகள் விளையாடும் ப்ரீ ஃபயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது பேர் வரை ஒரு தீவில் இறங்குகிறார்கள். ஒருவரையொருவர் சுட்டு, கடைசியில் மிஞ்சுகிறவர் வெற்றி. பிரட்டுக்களத்தில் ஐம்பது பேர் நின்றால் ஐம்பது பேரும் சேர்ந்து ஒரு குரலில் பேசினால்தான் வெற்றி. இரண்டும் இரண்டு பாடம். முதல் பாடத்தை நம் பிள்ளை தினம் மூன்று மணித்தியாலம் படிக்கிறது. இரண்டாவதை அதற்கு யார் சொல்லித் தருகிறோம்?

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள்: "தாய்மார் பிள்ளையிடம் போனைக் கொடுத்துவிட்டுக் கவனிப்பதில்லை." பெற்றோர் கூட்டங்களில் நான் கேட்டுச் சலித்த பேச்சு இது. நானும் ஒரு தாயிடம் அப்படிக் கேட்டேன். அந்த அக்கா சொன்ன பதில் என் வாயை அடைத்தது: "போன் குடுக்காட்டி ஆத்துப் பக்கம் போயிருவான் டீச்சர். போன் இருந்தா வீட்டுக்குள்ள இருக்கான்னு ஒரு நிம்மதி."

கணக்கைப் பாருங்கள். பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடுகிறது. சின்ன வகுப்புகள் அதற்கும் முன்பே. மலைக்குப் போன தாய் கொழுந்து நிறுத்து முடித்து வீடு வந்து சேர ஐந்து மணியாகிறது. தகப்பன் கொழும்பிலோ டவுன் கடையிலோ. ஐந்து வயது வரை பிள்ளைக்காம்பரா இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது? ஆற்றோரம், மண் சரியும் மேடு, குளவிக்கூடு உள்ள தேயிலை மலை. அல்லது போன். அந்தப் போனும் ஆசைக்கு வாங்கியது அல்ல. 2020இல் கொரோனா வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டியபோது, பாடத்தை வட்ஸ்அப்பில் அனுப்புகிறோம் என்று சொன்னவர்கள் நாங்கள்தான். கடன்பட்டு வாங்கினீர்கள். பள்ளிக்கூடம் திறந்தது. போன் வீட்டில் தங்கிவிட்டது.

ஆகவே இது தாய்மாரின் குற்றமல்ல. வேலை நேரத்துக்கும் பள்ளிக்கூட நேரத்துக்கும் இடையில் விழுந்த ஒரு பள்ளம். வேலை நேரம் பற்றிய கேள்வி என்றால் அது தொழிற்சங்கத்தின் கேள்வி.

என் கோரிக்கைகள் இவை. நமது மாவட்டக் குழு இவற்றை எடுத்துப் பேச வேண்டும் என்று கேட்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு டிவிசனிலும் பிள்ளைக்காம்பரா அல்லது கலாசார மண்டபம் ஒன்றரையிலிருந்து ஐந்து வரை, ஐந்தாம் ஆண்டு வரையான பிள்ளைகளுக்குத் திறந்திருக்க வேண்டும். அவர்களைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்தோடு ஒருவர் வேண்டும். தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிகளும் இதைத் தோட்ட நிர்வாகத்திடமும், நாம் 'ட்ரஸ்ட்' என்று சொல்லும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்திடமும் எழுத்தில் கேட்க வேண்டும். ஒரு அலுமாரி நிறையப் புத்தகம், ஒரு கரம் போர்ட், ஒரு பந்து. பெரிய செலவு எதுவும் இல்லை.

இரண்டாவது, வீட்டில். படத்தைத் தடுக்க முடியாது. கூட உட்காரலாம். கிழமையில் ஒரு நாளாவது பிள்ளையோடு பாருங்கள். முடிந்ததும் "செத்துப்போனானே, அவன் வீட்டில் யார் யார் இருந்திருப்பார்கள்?" என்று கேளுங்கள். என் அப்பாயி காலத்துக் கேள்விதான். டிக்டொக், பேஸ்புக் கணக்குகளுக்கு 13 வயது என்று அந்தக் கம்பனிகளே விதி வைத்திருக்கின்றன. எட்டு வயதுப் பிள்ளைக்குப் பொய் வயது போட்டுக் கணக்குத் திறந்து கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, தகப்பன்மாரே, உங்களிடம். சம்பள நாளில் குடித்துவிட்டு வந்து வீட்டில் கை ஓங்கினால், அதைவிடப் பெரிய சண்டைப் படம் எந்தப் போனிலும் இல்லை. அங்கே அடிபடுகிறவர் அந்தப் பிள்ளையின் தாய்.

நான்காவது, ஆசிரியர்களாகிய எங்களுக்கு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சின் 2005/17ஆம் இலக்கச் சுற்றறிக்கை 2005இலேயே சொல்லிவிட்டது. நான் வேலைக்கு வந்த முதல் இரண்டு வருடம் என் மேசையிலும் பிரம்பு இருந்தது. பெரிய ஆள் சின்ன ஆளை அடித்தால் வேலை நடக்கும் என்று நானும்தான் சொல்லிக் கொடுத்தேன். இன்று அது இல்லை. மற்ற மேசைகளிலும் இருக்கக் கூடாது. எந்தப் பிள்ளையாவது அடி உதையில் கஷ்டப்படுவது தெரிந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு யாரும் அழைக்கலாம்.

தீபாவளி வருகிறது. முற்பணம் வரும், புதுப் படங்களும் வரும். படம் பார்க்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. உழைத்துக் களைத்த சனத்துக்கு அந்த ஒரு நாள் சந்தோஷமாவது வேண்டும். ஆனால் இந்த முறை இஸ்தோப்பில் பாய் விரியுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். பாட்டியும் கூட இருக்கட்டும்.

தையல் பிரித்த அந்தப் பையன் இப்போது நன்றாக இருக்கிறான். போன கிழமை மைதானத்தில் ஒரு சின்னப் பிள்ளை தடுக்கி விழுந்தது. இவன்தான் ஓடிப்போய்த் தூக்கினான். அடிபட்டவனுக்கு அது தெரிந்திருக்கிறது. மற்றப் பிள்ளைகளும் அடிபட்டுத்தான் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. நாம் சொல்லிக் கொடுக்கலாம்.