எல்லாரும் ஸ்பெஷல் என்றால், மரியாள் வேஷம் ஏன் எப்பவும் அவளுக்கு மட்டும்?

அன்பான என் பழைய மாணவ மாணவியரே, சொந்தபந்தங்களே, கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சருக்காகப் பொறுமையாக வாசியுங்கள்.

பணி ஓய்வு பெற்ற பிறகும் ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் சபை ஓய்வுநாள் பாடசாலையில் பாலர் வகுப்பு எடுக்கிறேன். நான்கு வயது முதல் ஏழு வயது வரை பதினெட்டுப் பிள்ளைகள். போன மாதம் ஒரு பாடம்: ஆண்டவர் நம் ஒவ்வொருவரையும் தனித்தனியாக, அருமையாகப் படைத்திருக்கிறார் என்பது.

சார்ட் பேப்பரில் இலையில்லாத மரம் ஒன்று வரைந்துகொண்டு போனேன். ஸ்டாம்ப் பேடில் கட்டைவிரலைத் தொட்டு ஆளுக்கொரு இலை வைக்கச் சொன்னேன். பிறகு பூதக்கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கவிட்டேன். ஒருவர் ரேகை போல இன்னொருவருக்கு இல்லை, ஒட்டிப் பிறந்தாற்போல ஒரே முகமாய் இருக்கும் இரட்டையருக்குக்கூட வேறு வேறு ரேகைதான், அது தாய் வயிற்றிலேயே உருவாகிவிடுகிறது என்று சொன்னேன். பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். எனக்கும் பெருமைதான்.

அப்போது ஆறு வயதுக் குட்டி ஒன்று விரலில் மையோடு வந்து கேட்டது: "ஆச்சி, எல்லாரும் ஸ்பெஷல்னா, கிறிஸ்துமஸ் நாடகத்துல ஏன் எப்பவும் அந்த அக்காவே மரியாளா வர்றாங்க? நான் ஏன் எப்பவும் ஆட்டுக்குட்டி?"

எனக்குப் பதில் வரவில்லை. பதில் தெரியாமல் இல்லை. அந்த அக்கா சிவப்பாக இருக்கிறாள், இந்தக் குட்டி கறுப்பாக இருக்கிறது. அவ்வளவுதான். அதை எப்படிச் சொல்வேன்?

அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அந்தத் தப்பை முதலில் செய்தவர்களில் நானும் ஒருத்தி. முப்பது வருஷத்துக்கு முன்னால், நான் வேலை பார்த்த பள்ளியில் கிறிஸ்துமஸ் நாடகம் என் பொறுப்பு. வசனம் எல்லாம் மனப்பாடமாகச் சொல்லிக் காட்டிய ஒரு பிள்ளையைத் தள்ளிவிட்டு, நிறமாக இருந்த இன்னொரு பிள்ளைக்கு நீல முக்காட்டைக் கட்டிவிட்டேன். அந்தப் பிள்ளை அழவில்லை. திரைக்குப் பின்னால் நின்று, மறந்த வசனங்களை எடுத்துக் கொடுத்தது. நாசரேத்து ஊர்ப் பெண்ணுக்கு வெயில் படாமலா இருந்திருக்கும்? அதை யோசிக்கிற புத்தி எனக்கு அப்போது இல்லை.

ஆசிரியர் பயிற்சியில் உளவியல் பாடத்தில் 'தனியாள் வேறுபாடுகள்' என்று ஒரு தலைப்பு உண்டு. பக்கம் பக்கமாக எழுதி நல்ல மார்க் வாங்கினேன். வகுப்புக்குப் போனதும் நாற்பது பிள்ளைக்கும் ஒரே பாடம், ஒரே வேகம், ஒரே பிரம்பு. 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் வந்தபோது முதலில் முணுமுணுத்தவர்களில் நானும் உண்டு. அட்டையும் ஏணிப்படியுமாக ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறியதைப் பார்த்த பிறகுதான், பரீட்சைக்கு எழுதியது எனக்குப் புரிந்தது.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு 'நீ தனித்தன்மை உள்ளவன்' என்று சொல்லிக்கொடுப்பதில் இரண்டு தவறு செய்கிறோம்.

முதல் தவறு, வாயால் ஒன்று சொல்லிவிட்டு கையால் வேறு செய்வது. பத்து மணிக்கு 'நீ அருமையானவன்' என்று ஆக்‌ஷன் பாட்டு. பத்தரைக்கு மனப்பாட வசனப் போட்டியில் முதல், இரண்டாம், மூன்றாம் பரிசு. திக்கித் திக்கிப் பேசுகிற பையன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். மோசேயும் தனக்குப் பேச்சு வராது என்றுதான் சொன்னார். ஆண்டவர் அவரைத் தள்ளவில்லை, துணைக்கு ஆரோனை அனுப்பினார். நாம் அந்தப் பையனுக்கு யாரை அனுப்பினோம்?

இரண்டாவது தவறு வீட்டில் நடக்கிறது. 'என் பிள்ளை ஸ்பெஷல்' என்று சொல்லிச் சொல்லியே, மற்றவன் எல்லாம் சாதாரணம் என்று பிள்ளை நினைக்கும்படி செய்துவிடுகிறோம். 1 கொரிந்தியர் 12ஆம் அதிகாரத்தில் பவுல், கை, கால், கண், காது என்று உடம்பை வைத்து விளக்குவதைப் பாருங்கள். வேறு வேறாக இருப்பது பெருமையடிக்க அல்ல. வேறு வேறாக இருப்பதால்தான் ஒன்றுக்கொன்று தேவைப்படுகிறது. 'நீ ஸ்பெஷல்' என்று சொன்ன அதே மூச்சில் 'பக்கத்தில் இருக்கிறவனும்தான்' என்று சொல்லாவிட்டால் பாடம் பாதியில் நிற்கிறது.

ஏசாவையும் யாக்கோபையும் பாருங்கள். இரட்டையர். ஒருவன் வேட்டைக்காரன், ஒருவன் கூடாரத்தில் இருக்கிறவன். அப்பாவுக்கு ஒரு பிள்ளை, அம்மாவுக்கு ஒரு பிள்ளை என்று பிரித்ததில் குடும்பம் சிதறியது. அந்தக் கஷ்டத்தை அனுபவித்த யாக்கோபே, பிற்பாடு யோசேப்புக்கு மட்டும் பலவருண அங்கி கொடுத்தார். ஒப்பிட்டு வளர்க்கப்பட்ட பிள்ளை, தன் பிள்ளைகளையும் ஒப்பிடும். உங்கள் வீடுகளிலும் 'அண்ணனைப் பார்', 'சித்தி மகளைப் பார்' என்ற பேச்சு கேட்கிறது. சிலருக்கு அதைப் பழக்கிவிட்டவளே நான்தான்.

"போட்டி இல்லாமல் பிள்ளை எப்படி டீச்சர் முன்னேறும்?" என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி. பெரிய வகுப்பில் போட்டி இருக்கட்டும். பரிசுக்காகப் படித்து முன்னேறியவர்கள் உங்களில் பலர் உண்டு. ஆனால் ஐந்து வயதில், அதுவும் ஆண்டவருடைய ஆலயத்தில், வேண்டாம். ரேங்க் போட உலகத்தில் ஆயிரம் இடம் இருக்கிறது.

எங்கள் பாளையங்கோட்டையில் பார்வையற்ற பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே மிஷனெரி அம்மாமார் பள்ளி தொடங்கினார்கள். வேறுபட்ட பிள்ளைக்கு வேறு வழியில் சொல்லிக்கொடுக்கலாம் என்று காட்டிய மண் இது. நமக்குத் தெரியாது என்று சாக்குச் சொல்ல முடியாது.

ஐயரிடமும் கமிட்டியிடமும் பேசினேன். இந்த வருஷம் நாடகத்துக்குச் சீட்டுக் குலுக்கிப் போடுகிறோம். வசனத்தைச் சொல்ல வராத பிள்ளை படமாக வரையலாம், அபிநயம் செய்யலாம். எல்லாருக்கும் ஒரே மாதிரி பென்சில் பாக்ஸ். இரண்டு பெற்றோருக்கு என்மேல் வருத்தம். பரவாயில்லை.

கேள்வி கேட்ட குட்டியிடம், "ஆச்சி செஞ்சது தப்புதான்மா" என்று சொன்னேன். அது, "சரி ஆச்சி, ஆனா ஆட்டுக்குட்டியும் எனக்குப் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டது.

அன்றைக்குத் திரைக்குப் பின்னால் நின்ற பிள்ளை இதை வாசித்தால்: மகளே, உன் பெயரை இங்கே எழுதவில்லை. எனக்கு மறக்கவில்லை. மன்னித்துக்கொள். முடிந்தால் ஒரு போன் பண்ணு.

மற்றவர்களும் எழுதுங்கள். நான் உங்களை யாரோடு ஒப்பிட்டுத் திட்டினேன் என்று தயங்காமல் சொல்லுங்கள். இனிமேல் பிரம்பு எடுக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்